கூலியை முன்னே பேசுதல் பேராசையா?



"செய்யும் வேலையில் கருத்தை வை, காசைப் பற்றிப் பேசாதே" என்று முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வகுப்பறையில் மாணவியர்க்கு உரைத்தவள் நான். அதனை நல்லொழுக்கத்தின் ஒரு கூறாகவே கருதியிருந்தேன். அவ்வறிவுரை முழுமையானதன்று என்பதை எழுபது வயதுக்குமேல் ஓர் இளம்பெண்ணிடமிருந்து கற்க நேர்ந்தது.

அவள் என் பழைய மாணவியின் மகள். கணினியில் நூற்பக்கங்களை அமைக்கக் கற்றவள். மாதச் சம்பளத்தில் எங்கும் சேராமல், வேலைக்கு வேலை கூலி பேசி வீட்டிலிருந்தே செய்து கொடுக்கும் முறையை இக்காலத்தார் 'ஃப்ரீலான்ஸ்' என்கின்றனர். அம்முறையில் அவள் ஏற்ற முதற்பணி, பாடத் துணைநூல் ஒன்றின் 12 பாடங்களை அமைத்துத் தருவது. "பணம் எப்போது தருவார்கள் என்று கேட்கலாமா, பாட்டி?" என வினவினாள். "முதல் வேலையிலேயே பணம் பேசினால் மதிப்புக் குறையும். நல்லவர்கள் தாமே கொடுப்பார்கள்" என்றேன்.

ஏழு பாடங்கள் முடிந்திருந்தன. ஒருநாள் மாலை, "இனி வேண்டாம், வேறு ஏற்பாடு செய்துவிட்டோம்" என்று தொலைபேசியில் கூறிவிட்டனர். முடித்த ஏழு பாடங்களுக்குரிய கூலியோ, "நூல் விற்பனைக்கு வரட்டும், பார்க்கலாம்" என ஐந்து மாதம் இழுத்தடிக்கப்பட்டுப் பாதியே கைக்கு வந்தது. அவள் என்னைக் குறை கூறவில்லை. என் நெஞ்சம்தான் கூறியது.

இங்கு நேர்ந்த தவறு யாது? பிறர் பொருளை அவர் கொடாமல் எடுத்துக்கொள்வது களவு என்பதைக் குழந்தையும் அறியும். வேலை முடிந்த பின்னும் கொடுக்கப்படாத கூலி யாருடைய பொருள்? உழைத்தவருடையது. அது வேறொருவர் பெட்டியில் இருக்கிறது, அவ்வளவே.

கொல்லாமை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் அன்னபான நிரோதமும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். தம்மைச் சார்ந்த உயிருக்கு உணவும் நீரும் உரிய வேளையில் கிடைக்காதபடி தடுப்பது அது. கூலியை நிறுத்தி வைப்பவர் எவரையும் அடிப்பதில்லை; ஆயினும் எங்கோ ஓர் அடுப்பு எரியாதபடி செய்கிறார். முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்துவதும் இதன்பாற்பட்டதே. இப்பணியை நம்பி அவள் வேறு பணியை மறுத்திருப்பாள் அல்லவா? மற்றொன்றைத் தேடிக்கொள்ளும் நாள்களையேனும் அவளுக்கு அளித்தல் கடன்.

"முன்னதாகவே நிபந்தனை எழுதுவது நம்பிக்கையின்மை ஆகாதா?" எனச் சிலர் கேட்கலாம். கூலி நெல்லைக் களத்துமேட்டிலேயே அளந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அது ஒருவரையொருவர் நம்பாமையால் எழுந்ததன்று. நெல் வீட்டுக்குள் போனபின் மறதியும் ஆசையும் உடன் புகும் என்பதை மூத்தோர் அறிந்திருந்தனர். எழுத்தும் அத்தகையதே, மனம் தளரும் வேளையில் இருவரையும் காக்கும் வேலி.

ஆகவே, முதன்முதலாக இவ்வாறு பணி ஏற்கும் நம் பிள்ளைகள் ஒரு பக்க அளவிலேனும் எழுதிக்கொள்க. வேலை எது, அதில் எத்தனை முறை திருத்தம் அடங்கும், மொத்தக் கூலி எவ்வளவு என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். தொடங்குமுன் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ முன்பணமாகப் பெறுவதும், ஒப்படைத்த 15 நாள்களுக்குள் எஞ்சியதைப் பெறுவதும் முறையாகும். நீண்ட பணியாயின் பகுதி பகுதியாகக் கூலி பெறலாம். இடையில் நிறுத்த விரும்புவோர் 15 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும், அதுவரை முடிந்த வேலைக்குரிய கூலியைத் தந்துவிட வேண்டும் என்றும் குறித்துக்கொள்க.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 என்பதன்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்வோர்க்குரிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குமேல் தள்ளிவைத்தல் ஆகாது. தவணை எதுவும் பேசப்படாதவிடத்து 15 நாள்களே கெடு. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டிக் கொடுக்க வேண்டும். சேவைத் தொழில் செய்யும் தனியொருவரும் 'உத்யம்' இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். வேலையை ஏற்குமுன்பே பதிந்துகொள்வது நன்று. ஆனால், வேலையை நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை இச்சட்டம் கூறவில்லை. அதனை நாமே பேசி எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இது பணி செய்வோர்க்கும் பொருந்தும். வேறிடத்தில் கூடுதல் கூலி கிடைத்தது என்பதற்காகப் பாதியில் கைவிட்டுச் செல்வது, நம்பியவரை நட்டாற்றில் விடுவதாகும். முன்பணம் பெற்றுக் காலங்கடத்துவதும் கூலியை நிறுத்துவதற்கு இணையான குற்றமே.

அப்பெண் இப்போது அடுத்த பணியை ஏற்றிருக்கிறாள். கடிதத்தை என்னிடம் காட்டி, "பிழை இருந்தால் திருத்துங்கள், பாட்டி" என்றாள். ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தினேன். கூலி பற்றிய வரிகளில் திருத்த ஏதுமில்லை. தமக்குரியதைத் தெளிவாகச் சொல்வது பேராசையன்று. வாய்மையின் ஒரு பகுதி. பிறர்க்குரியதை நாளறிந்து கொடுப்பது கருணையன்று, கடமை. இவ்விரண்டையும் நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சேர்த்தே கற்பிப்போமாக.