முல்லையும் மோட்டாரும்

பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்தது முல்லை. பறம்பின் பாரி தன் தேரை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தான். பள்ளிப் பருவத்திலே நாம் படித்த செய்தி. வண்டி நிறுத்துவதிலே கூட ஒரு வரலாறு உண்டு தமிழனுக்கு! இன்றும் வண்டி நிற்கிறது, முல்லையின் மீதே நிற்கிறது. அன்று கொடி படர நின்றது தேர்; இன்று கொடி சாக நிற்கிறது கார்!

திருநின்றவூரைப் பாருங்கள். சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையின் இருமருங்கிலும் வயல் மனையாகி, மனை வீடாகி, 2021இல் பேரூராட்சியும் நகராட்சியாயிற்று. விடியுமுன் மின்தொடர் வண்டியேறி, இருட்டிய பின் திரும்பும் குடும்பம், கடன்பட்டு அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, வாங்குகிறது. வீடு எழுப்பியது போக, வாயிலுக்கும் தெருவுக்கும் இடையே நாலு முழம் மண் மிஞ்சுகிறது. அதிலே ஒரு முல்லை, ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. சுற்றுச்சுவர் எழுப்பப் பணமில்லை. பணமிருந்தாலும் மனமில்லை என்பாரும் உண்டு. பக்கத்து வீட்டார் கார் வாங்குகிறார். கார் நிறுத்த அவர் மனையிலே இருந்த இடமோ, வாடகைக்கு விடும் அறையாக மாறி ஆண்டுகள் ஆயின! முதல் நாள் ஒரு சக்கரம் மண்ணிலே ஏறுகிறது. மறுவாரம் இரண்டு. மூன்றாம் மாதம் முழுக் காரும் அங்கே குடியேறிவிடுகிறது. "என்ன சார் இது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், "வேலிதான் இல்லையே தம்பி! சும்மா கிடக்கிற இடந்தானே!" என்று பதில் வருகிறது.

இந்தச் 'சும்மா' என்ற சொல்லைத்தான் நான் ஆராய விரும்புகிறேன். வேலியில்லாதது எவருக்கும் உரியது என்று எந்த அறநூல் சொல்லிற்று? திண்ணையிலே காயும் நெல்லுக்குக் காவலில்லை, அள்ளிச் செல்கிறோமா? வேலி போடாதவன், "நீ நுழையலாம்" என்று ஒப்புதல் தந்தவனல்லன். "நீ நுழையமாட்டாய்" என்று நம்பியவன்! அந்த நம்பிக்கையையே நுழைவுச் சீட்டாக்கிக்கொள்வது எவ்வளவு எளிதாக இருக்கிறது, படித்தவருக்கும்!

மேலும், மண் சும்மா கிடப்பதுமில்லை. சக்கரம் ஏறி இறங்கினால், மண்துகள்களுக்கு இடையிலே உள்ள காற்றிடம் இறுகிவிடும். வேர் மூச்சுவிட வழியின்றி மாளும். பெய்யும் மழையும் உள்ளிறங்காமல் தெருவுக்கு ஓடிவிடும். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் இது, ஆண்டு 2003. வீட்டுக்கு வீடு குழாய் பதித்தோம், தொட்டி கட்டினோம். செலவின்றி நீரை வாங்கிக்கொள்ளும் நாலு முழ மண்ணை மட்டும் 'வெற்றிடம்' என்கிறோம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பிறர் நிலத்தின் வழியே நடப்பது போன்ற ஒரு வசதியை, வெளிப்படையாகவும் அமைதியாகவும், உரிமையென்றே கருதி, இடையறாது இருபதாண்டு துய்த்தவனுக்கு அது உரிமையாகவே ஆகிவிடும் என்கிறது. ஆனால், உரியவனிடம் இசைவு கேட்டுத் துய்த்தவனுக்கு அப்படி உரிமை முளைப்பதில்லை. விந்தையாக இல்லையா? கேட்டவன் என்றும் விருந்தினன். கேளாதவன் ஒருநாள் உரிமையாளன்! காருக்கும் இவ்வுரிமை கிடைக்குமா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். நான் சொல்வது, வாய்மூடி இருப்பவனுக்குச் சட்டமும் நெடுநாள் துணை நிற்காது என்பதே. 'வழக்கம்' என்ற பெயரிலே இந்நாட்டில் வளர்ந்த அநீதிகள் பலவும், முதல் நாள் எவரும் தட்டிக்கேளாததால் வளர்ந்தவைதாம்.

ஆனால், தோட்டக்காரரே, உம்மிடமும் ஒரு கேள்வி உண்டு. அந்த நாலு முழம் உமதுதானா? பத்திரத்தை எடுத்துப் பாரும். நில அளவரை அழைத்து அளந்து பாரும். நம் புறநகர்த் தெருக்களிலே, மனையின் எல்லைக்கு வெளியே தெருவோரப் புறம்போக்கிலே செடி நட்டுவிட்டு, "என் தோட்டம்" என்போர் எத்தனை பேர்! அளவிலே அது தெருவென்று தெரிந்தால், காரை விரட்ட உமக்கு வாயில்லை. முல்லை நட்டு வளைத்தாலும் வளைத்தது வளைத்ததுதான்.

அளந்தாயிற்று, உமது மண்தான். இனி என்ன? சுவர் எழுப்பலாமா? சுவர் என்றாலே என் நெஞ்சம் சற்றுக் கூசுகிறது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே 1989இல் எழுந்த சுவர், தாழ்த்தப்பட்ட மக்களைப் பிரித்து வைத்தது. 2008 மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதியை அரசு இடித்து வழி திறந்தது. அந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்த நாமா சுவர் கட்டுவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயினும் உத்தப்புரச் சுவர் மனிதரின் நடையை மறித்தது. என் வேலியோ ஒரு சக்கரத்தை மட்டும் மறிக்கிறது. பக்கத்து வீட்டார் நடந்து வர வாயில் திறந்தே இருக்கும். யாரைத் தடுக்கிறது, எதைத் தடுக்கிறது என்று பாராமல் எல்லாச் சுவரையும் வெறுப்பது இரக்கமாகாது, சோம்பல்தான்.

ஆணி பதிப்பாரும் உண்டு. கண்ணாடிச் சில்லு புதைப்பாரும் உண்டு. டயர் கிழியும் என்று மகிழ்வார்கள். பந்தெடுக்க ஓடிவரும் குழந்தையின் பாதத்தை எண்ணமாட்டார்கள். அது தோட்டத்தைக் காப்பதாகாது; பழிவாங்குவது.

முதலிலே பேச வேண்டும். அதுவும், செடி செத்த சினத்திலே அல்ல. கார் இல்லாத ஒரு மாலைப்பொழுதிலே. "அண்ணே, இது வரைக்கும் என் மனை. இங்கே செடி வைக்கிறேன். வண்டியை வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எல்லையைக் காட்டிச் சொன்னால் போதும். "கொஞ்ச நாள் மட்டும்" என்று அவர் கேட்டால், எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு இசைவதிலும் தவறில்லை. பிறகு, செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து நட்டு ஒரு வரம்பு. அதன் உட்புறம் நொச்சிப் போத்து. மதில் காக்கும் வீரத்துக்கே தமிழர் சூட்டிய பெயரல்லவா நொச்சி! மழைக்காலத் தொடக்கத்திலே நட்டால் விரைந்து வேர்பிடிக்கும். வேலியாக வெட்டிவிட்டால் அடர்ந்து தழைக்கும். ஆடு எளிதில் கடிக்காது. சளி பிடித்தால் ஆவி பிடிக்க அதன் இலைதான் வேண்டும்; கார்த்திகைக் குளிரிலே அவ்விலை கேட்டுப் பக்கத்து வீட்டாரே வாயிலுக்கு வந்து கதவைத் தட்டுவார், "தம்பி, ரெண்டு கொத்து பறிச்சுக்கவா?" என்று.