இதயம் உண்ணும் நேரம்

கறிக்கடைப் பலகையில் ஆட்டு இதயம் ஒன்று நீளவாக்கில் பிளந்து கிடந்தது. இடது கீழறையின் சுவர் நல்ல தடிமன். வலதுபக்கச் சுவர் அதைவிட மிக மெலிசு. வலதுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். இடதுக்கோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பொறுப்பு. வால்வின் இதழ் ஓரங்களிலிருந்து வெள்ளை இழைகள் இறங்கிச் சுவரின் தசைமுனைகளில் ஊன்றியிருந்தன. கீழறை இறுகும்போது இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை அவைதான். நம் நெஞ்சுக்குள்ளும் இதே ஏற்பாடு.

*

லப், டப். இரண்டுமே வால்வுகள் மூடும்போது எழும் ஓசை. முதலாவது, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ளவை. இரண்டாவது, பெருந்தமனி, நுரையீரல் தமனி ஆகியவற்றின் வாயில் உள்ளவை. ரத்தம் தடையில்லாமல் ஓடும் நேரத்தில் சத்தமே இல்லை.

*

மேலறை சுருங்கிய கையோடு கீழறை சுருங்கிவிடாது. நடுவே ஒரு சிறு திசுமுடிச்சு மின்துடிப்பை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நிறுத்தி அனுப்புகிறது. கீழறை நிரம்ப அந்த அவகாசம் வேண்டும். ஜப்பானிலிருந்து ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குப் படிக்கப்போன சுனாவோ தவாரா 1906இல் இந்த முடிச்சை விவரித்து எழுதினார்.

*

இதயம் ஓயாமல் உழைக்கிறது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் கீழறை சுருங்குவது சுமார் 0.3, மிச்சம் 0.5 தளர்வு. பாதிக்கு மேல் ஓய்வுதான்.

அந்த ஓய்வில்தான் அது உண்கிறது. பெருந்தமனியின் முதல் கிளைகளே இதயத்துக்கான கொரோனரி தமனிகள். வால்வை ஒட்டி, சற்று மேலே பிரிகின்றன. பந்தியில் முதல் இலை தனக்குத்தான், ஆனால் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டே உட்கார முடியும். இடது கீழறை இறுகியிருக்கும்போது அதன் சுவருக்குள் ஓடும் குழாய்களும் நெரிபடுகின்றன. 'டப்' கேட்டு, தசை தளர்ந்த பிறகே அங்கே ரத்தம் தாராளமாக இறங்குகிறது. வலதுபக்கம் அழுத்தம் குறைவு என்பதால் அதற்கு இவ்வளவு நெருக்கடி இல்லை.

*

துடிப்பு வேகமெடுத்தால் சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை. தளர்வு நேரம்தான் வெட்டுப்படுகிறது. வேலை கூடும் வேளையில் சாப்பாட்டு நேரம் குறைகிறது. அடைப்பினால் நெஞ்சுவலி வருபவர்கள் பலருக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதிக்கொடுக்க இது ஒரு காரணம். வலி நின்றுவிட்டதே என்று அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.