இன்னும் மிதிலை வரவில்லை

கம்பராமாயணத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வாய்விட்டுப் படித்துவிடுவது என்று 48 வயதில் முடிவெடுத்தேன். முற்றோதல். ஆறு காண்டம், 10,000-க்கு மேற்பட்ட பாடல்கள். நாளுக்குப் பத்து என்றால் ஏறக்குறைய மூன்று வருஷம். இருபது வயதில் மூன்று வருஷம் என்பது ஒரு பட்டப்படிப்பு, அவ்வளவுதான். இப்போது அது மகன் கல்லூரி முடிக்கும் காலம், அம்மா எண்பதைத் தாண்டும் காலம். ஒரே மூன்று வருஷத்தில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "எதுக்கு சார்?" என்பார்கள். பரீட்சை இல்லை, பதவி உயர்வு இல்லை, மேடையேறிப் பேசும் உத்தேசமும் இல்லை. எதற்கும் ஆகாத காரியம் என்பதே எனக்கு இதில் பிடித்திருக்கிறது.

*

எனக்குத் தெரிந்த கம்பன் பட்டிமன்றக் கம்பன். வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா, கும்பகர்ணன் பெரியவனா வீடணன் பெரியவனா. முழுதாகப் படிக்க உட்கார்ந்தால் கம்பன் வேறு ஆளாக இருக்கிறான். ராமன் பிறப்பதற்கே ஆறு, நாடு, நகரம், அரசு என்று ஒவ்வொரு படலமாகக் கடக்க வேண்டும். வில் முறிந்த பிறகாவது கல்யாணம் உடனே நடக்கும் என்று பார்த்தால், அயோத்தியே திரண்டு மிதிலைக்குக் கிளம்புகிறது. வழியில் மலைச்சாரலில் தங்குகிறார்கள். பூப்பறிக்கிறார்கள், நீரில் விளையாடுகிறார்கள், கள் குடிக்கிறார்கள், ஊடுகிறார்கள். பூக்கொய் படலம், நீர் விளையாட்டுப் படலம், உண்டாட்டுப் படலம். இவற்றை எந்தப் பட்டிமன்றமும் தலைப்பாக வைத்ததில்லை.

இங்கேதான் கை தானாகப் பக்கத்தைத் தள்ளப் பார்க்கிறது. இந்த வயதுக்குள் எதைத் தாண்டிப் போகலாம் என்பது நன்றாகக் கைவந்துவிடுகிறது. கோப்பில் கடைசிப் பத்தி போதும், கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டால் போதும், பேசுகிறவர் பாதியில் இருக்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நாளுக்குப் பத்துப் பாட்டளவு நேரமாவது கழற்றி வைக்க முடியுமா என்று பார்க்கிறேன். 'முழுதும்' என்று சங்கல்பம் செய்துகொண்டதன் உள்ளர்த்தம் இதுதான் போலிருக்கிறது.

ரசிகமணி டி.கே.சி. ஏராளமான பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று ஒதுக்கினார். தாம் தேர்ந்தவற்றைக் கொண்டே ஒரு ராமாயணம் பதிப்பித்தார். எனக்கு அது நல்ல சாக்கு. ஆனால் ஒதுக்குகிறவர் எல்லாவற்றையும் படித்தல்லவா ஒதுக்கினார்!

*

வ.வே.சு. ஐயர் நினைவுக்கு வருகிறார். 1921-இல் ராஜத்துரோகக் குற்றத்துக்காகப் பெல்லாரிச் சிறைக்குப் போனபோது அவருக்கு நாற்பது வயது. அங்கே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு எழுதினார். 1925-இல் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். புத்தகம் வெளிவந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. சிறையில் பொழுது கிடைத்தது, எழுதினார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பொழுது கிடைத்த அன்று கம்பன் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்க வேண்டும். அவருக்கு அது நடுவயது அல்ல என்று அவருக்கே தெரிந்திருக்காது. நடுவயது என்று நாம் சொல்வதே ஒரு நம்பிக்கையில்தானே.

*

மர்ரே ராஜம் பதிப்பில் சந்தி பிரித்திருப்பதால் நாக்கு தடுக்குவதில்லை. பொருள் பிடிபடாத இடத்தில் வை.மு.கோ. உரையைப் புரட்டுகிறேன். அதிலும் பிடிபடாவிட்டால் ஓசையோடு விட்டுவிடுகிறேன்.

யுத்த காண்டத்தை இப்போது நினைக்கக் கூடாது. அது மட்டும் 4,000 பாடலுக்கு மேல். சீதையைக் கண்டு அனுமன் திரும்பி வந்த பிறகும் ஐந்தில் இரண்டு பங்கு பாக்கியிருக்கும்.

காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு மனைவி கேட்டாள்: "என்னங்க, கல்யாணம் ஆச்சா?"

"இன்னும் ஊரே போய்ச் சேரலை. வழியில குளிச்சிட்டு இருக்காங்க."

"அப்போ பால் வாங்கிட்டு வந்து படிங்க" என்றாள்.