தவறு யாருடையது?

சைக்கிளில் எஞ்சின் பூட்டிப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் புதிதல்ல. யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-இல், ஜப்பானில் ஹமமாத்ஸு என்ற ஊரில் ஸோயிசிரோ ஹோண்டா, ராணுவ ரேடியோக்களுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் மாட்டி விற்றார். கிடைத்தவை சுமார் 500. அவை தீர்ந்ததும் சொந்தமாகவே எஞ்சின் செய்யத் தொடங்கிவிட்டார். இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

சாக்கு ஒன்றும் கிடைத்தது. என் மைத்துனரின் தென்னந்தோப்பைக் காவல் காக்கும் பெரியவருக்கு முழங்கால் வலி. தோப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாளைக்கு நாலு தடவை சைக்கிள் மிதிக்க அவரால் முடியவில்லை. சட்டப்படி 25 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டினால் சைக்கிளும் மோட்டார் வாகனம்தான். பதிவில்லாமல் சாலைக்குப் போகக் கூடாது. தோப்புக்குள்ளேயே ஓடப் போகிற வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே ஒரு பெட்டியைத் தருவித்தேன். எஞ்சின், கார்ப்பரேட்டர், பெட்ரோல் டாங்க், 44 பல் உள்ள சக்கரம், சங்கிலி என்று எல்லாம் அதில் இருந்தன. உதவிக்குப் பக்கத்துச் சைக்கிள் கடை முதலாளி தம் கடைப் பையனை அனுப்பினார்.

பையனுக்குப் பதினெட்டு வயசு இருக்கும். பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு இரு புறமும் ரப்பர் வைத்து, பல்சக்கரத்தை 9 போல்ட்டுகளால் கோணாமல் பூட்டினான். மின்சாரக் கம்பிகளை இணைத்தான். கார்ப்பரேட்டர் குழாயை எஞ்சினோடு சேர்க்கும் வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் என்ற கர்வம்! நான் ஸ்பானரைப் போட்டதும் பையன், "சார், ரெண்டு நட்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும்" என்றான். "தெரியும்டா" என்று சொல்லி, ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு மற்றதைத் தொட்டேன்.

ஒரு பங்கு எண்ணெய்க்குப் பதினாறு பங்கு பெட்ரோல் கலந்து ஊற்றி, பெரியவர் ஏறி மிதித்தார். கிளட்சை விட்டதும் எஞ்சின் படபடவென்று அடித்தது. நாலு விநாடியில் அணைந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி அணைந்தது. பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க தம்பி, பழைய மாதிரியே மிதிச்சுக்கறேன்" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது.

பிளக்கைக் கழற்றி எஞ்சினின் உலோகத்தில் படும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். உச்சி வெயில். பொறி கண்ணில் படவில்லை. "கம்பியை மாற்றிக் கொடுத்துக் காயிலை எரித்துவிட்டாயே!" என்று பையன்மேல் பாய்ந்தேன். "இல்லீங்க சார், சரியாத்தான் கொடுத்தேன்" என்றான். அவன் முதலாளியிடமும் போய் அதையே சொன்னேன். அவர் புதுக் காயில் வரவழைத்துத் தந்து, அதன் விலையைப் பையனின் கூலியில் பிடித்துக்கொண்டார்.

புதுக் காயிலிலும் எஞ்சின் அதே நாலு விநாடிதான் ஓடியது.

அன்று மாலை இருட்டும் சமயத்தில், பழைய காயிலை மாட்டிப் பார்ப்போமே என்று தோன்றியது. பிளக்கில் நீலப் பொறி பளிச்சென்று துள்ளியது! சோக்கை மூடினேன்; எஞ்சின் ஓடியது. திறந்தேன், அணைந்தது. அப்படியானால் எங்கிருந்தோ வேண்டாத காற்று உள்ளே போகிறது. சோக்கை மூடி ஓடவிட்டு, நான் பூட்டிய இணைப்பில் சோப்பு நீரைத் தடவினேன். நுரை உள்ளே இழுபட்டது. கழற்றினால், ஒரு பக்கமாக நசுங்கிக் கிழிந்த கேஸ்கெட்.

புதுக் கேஸ்கெட் வைத்து, நட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கியதும் வண்டி ஓடிவிட்டது. இன்றும் ஓடுகிறது. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெயிலில் பொறி தெரியாதது கண்ணின் பிசகு, அதை மன்னித்துவிடலாம். ஆனால் எஞ்சின் நாலு விநாடி ஓடியதே, அது எப்படி? பொறி இல்லாமல் இந்த மாதிரி பெட்ரோல் எஞ்சின் படபடக்காது என்பது பௌதிகம் படித்தவனுக்குத் தெரியாதா? பையனுக்குச் சாட்சியாக அந்த எஞ்சினே கத்தியிருக்கிறது. நான்தான் காதில் வாங்கவில்லை.

யந்திரம் நின்றால் கேட்க வேண்டிய கேள்வி, 'எது?' என்பது. பொறியா, பெட்ரோலா, காற்றா என்று ஒன்றொன்றாகப் பார்த்தால் விடை வந்துவிடும். நான் கேட்டதோ, 'யார்?' என்று. அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவன் தன்னைத் தவிர மற்றவர்களைத்தான் சோதிக்கிறான். அதிலும் எளியவன் ஒருவன் அருகில் நின்றால் சோதனைகூடத் தேவைப்படுவதில்லை. வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் வேலைக்காரியின் முகத்தைப் பார்க்கிறோமே, அதே பார்வைதான் இதுவும்.

மறுநாள் காலையில் கடைக்குப் போய், முதலாளியின் முன்னாலேயே, "தவறு என்னுடையது, உன்னைச் சொன்னது பாவம், அப்பா" என்று பையனிடம் சொன்னேன். காயில் விலையையும் கொடுத்தேன். முதலாளி சிரித்து, "இதுக்குப் போய் நீங்க..." என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து டயருக்குக் காற்றடிக்கப் போனேன். பையன் மட்டும் இருந்தான். "என் மேல் இன்னும் கோபமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க சார். பணந்தான் வந்திடுச்சே" என்றான். பம்பை இரண்டு தடவை அழுத்திவிட்டு, தலை நிமிராமலே சொன்னான்: "ஆனா இப்பல்லாம் நான் முடுக்கின நட்டை முதலாளி ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறார் சார். முன்னாடி பார்க்க மாட்டார்."

கிழிந்த கேஸ்கெட்டுக்குப் பதில் வேறொன்று கடையில் கிடைத்தது. இதற்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.