‘எழுந்திரு’ என்று சொல்லும் உரிமை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் என் தோழியின் பாத்திரம் செத்துக்கொண்டிருந்தது. அவள் ஆடியது ஒரு வாள்வீராங்கனை. ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. நான் ஆடியது நானே உருவாக்கிப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஒரு கிளாஸ்: மந்திரமே தெரியாத துணைவன். விழுந்த கூட்டாளியைப் பார்த்து ‘எழுந்திரு’ என்று கத்துவதுதான் அவனுடைய முக்கியத் திறன். கத்தினேன். விதிப்படி அவள் ஆறு புள்ளிகளோடு எழ வேண்டும்.

அவள் எழவில்லை. “தங்கச்சி செத்ததுக்கு அப்புறம் இவளுக்கு எழறதுக்கு என்ன இருக்கு? நீ சொன்னா இவ ஏன்டா எழணும்?” என்றாள்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1974இல் வந்த முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்: போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக். குணப்படுத்துவது கிளெரிக்கின் வேலை, அதாவது கடவுளின் வேலை. 2008இல் வந்த நான்காம் பதிப்பு ‘வார்லார்ட்’ என்ற கிளாஸைக் கொண்டுவந்தது. கடவுளும் இல்லை, மந்திரமும் இல்லை; போர்த்தந்திரமும் குரலும்தான். பலருக்கு அது பிடிக்கவில்லை. கத்தினால் காயம் ஆறுமா? மயங்கிக் கிடப்பவனுக்குக் காது கேட்குமா? 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிநூலில் வார்லார்ட் இல்லை.

இந்தக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்தது. ஹிட் பாயின்ட் என்பது வெறும் சதையும் ரத்தமும் இல்லை. மன உறுதி, வாழும் ஆசை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்ததுதான் என்று அந்த 2014 விதிநூலே சொல்கிறது. அப்படியென்றால் ஒரு சொல் அதைத் திருப்பித் தரலாம்தானே?

ஆனால் தோழி கேட்டது வேறு. கிளெரிக் தொட்டால் காயம் மூடிக்கொள்கிறது. அடிபட்டவளின் மனதில் என்ன இருக்கிறது என்று அந்த மந்திரம் கேட்பதில்லை. நான் சொல்லால் குணப்படுத்தும்போது, ‘உனக்கு இப்போது வாழும் ஆசை வந்துவிட்டது’ என்று அவளுக்குள் புகுந்து முடிவு செய்கிறேன். இந்த ஆட்டத்தில் உலகம் டன்ஜன் மாஸ்டருடையது, விளைவு பகடையுடையது. ஆடுபவருக்கென்று மிஞ்சுவது தன் பாத்திரத்தின் மனம் ஒன்றுதான். நான் அதில் கை வைத்திருந்தேன்.

ஆட்டத்துக்கு வெளியிலும் இதைத்தானே செய்கிறோம்? ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ‘தைரியமா இரு’ என்கிறோம். அவர் தேறிவிட்டால் நம் சொல் பலித்தது. தேறாவிட்டால் ‘மனச விட்டுட்டார்’ என்று பழி அவர்மேல். நமக்கு எந்தச் செலவும் இல்லை.

கடற்கரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அனுமனுக்கு ஜாம்பவான் பலம் எதையும் கொடுக்கவில்லை. அவன் யார் என்று நினைவூட்டினார், அவ்வளவுதான். தாவியது அனுமன். அனுமனை அறிந்திருந்ததால்தான் ஜாம்பவானால் அதைச் சொல்ல முடிந்தது.

விதிகளைத் திருத்தினேன். ஒன்று, ‘எழுந்திரு’ இனி கட்டளை இல்லை, ‘எழறியா?’ என்ற கேள்வி. கேட்பவர் மறுக்கலாம். இரண்டு, செலவு என்னுடையது: அந்தச் சுற்றில் நான் யாரையும் தாக்க முடியாது. மூன்று, வெறுமனே ‘உன்னால் முடியும்’ என்றால் செல்லாது. அவள் முன்பு ஆட்டத்தில் செய்த, நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கவனிக்காதவனால் உதவ முடியாது.

“இது ரொம்ப வீக்டா, எவன் எடுப்பான்?” என்றான் இன்னொரு நண்பன். உண்மைதான். ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் கிளெரிக்தான் லாபம். ஆனால் கிளெரிக்கின் மந்திரங்களுக்கு நாளொன்றுக்கு எண்ணிக்கை உண்டு. என் துணைவன் எத்தனை முறையும் கேட்கலாம். அற்புதம் இல்லாத உதவிக்கு இருக்கும் ஒரே பலம் அதுதான் என்று நினைக்கிறேன்: திரும்பத் திரும்ப வந்து நிற்பது.

நான்காவது விதி தோழியால் வந்தது. அன்று அவள் மறுத்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பாத்திரத்தை அவள் கிடந்த கட்டத்துக்கு நகர்த்தி, கேடயத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தேன். அவள்மேல் விழ வேண்டிய அடிகளை டன்ஜன் மாஸ்டர் எனக்குத் திருப்பினார். இரண்டு சுற்றுகள் வாங்கினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது சுற்றில் அவள், “சரி, எழறா. நீ கத்துனதுக்காக இல்ல” என்றாள்.

மறுத்தவர் பக்கத்தில் உட்காரலாம் என்பதை அடுத்த வாரம் விதியாக எழுதிச் சேர்த்தேன். எழுந்தே ஆக வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை.