நிவேதனமா, பாசமா?

பெற்ற பிள்ளைக்குத் தன் கையால் சமைத்து ஊட்டுவது தர்மத்தில் சேருமா, அல்லது அது வெறும் மமகாரத்தின் விளைவுதானா என்ற கேள்வியை வேதாந்த விசாரம் செய்கிறவர்கள் அவ்வளவாக எழுப்புவதில்லை. அதிதிக்கு இட்ட சோறு புண்ணியம், பரதேசிக்கு வார்த்த கூழ் புண்ணியம். சொந்தப் பிள்ளைக்கு ஊட்டிய பருப்புச் சாதமோ பாசம், ஆகவே பந்தம் என்று ஒதுக்கிவிடுவது சுலபமாயிருக்கிறது. ஆயினும் இல்லற தர்மத்தை வகுத்த யாக்ஞவல்கியர், பாலரையும் முதியோரையும் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் அதிதிகளையும் உண்பித்த பின்னரே தம்பதிகள் எஞ்சியதை உண்ணக் கடவர் என்று விதித்திருப்பதால், பிள்ளைக்கு இடும் அன்னத்தை அதிதிக்கு இடும் அன்னத்தோடு ஒரே பந்தியில் வைத்தே அவர் எண்ணினார் என்பது வெளிப்படை.

சாந்தோக்கிய உபநிஷதம் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. உண்ட அன்னத்தின் ஸ்தூல பாகம் மலமாகவும், நடுப்பாகம் மாமிசமாகவும், அதிசூக்ஷ்மமான பாகம் மனமாகவும் ஆகிறது என்று தம் குமாரன் சுவேதகேதுவுக்கு உபதேசித்த உத்தாலகர், அதை மெய்ப்பிக்கும் பொருட்டு 15 நாள் தண்ணீர் மட்டும் அருந்தி உபவாசம் இருக்கச் செய்து, பிறகு வேதத்தை ஓதச் சொன்னார். 12 வருஷம் குருகுலவாசம் செய்து கற்றவை ஒன்றும் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. உண்ட பின்னரே திரும்பின. தேர்ந்த பண்டிதனின் மனமே அன்னத்தை இவ்வளவு அண்டியிருக்குமானால், மனம் என்பதே இனிமேல்தான் உருவாக வேண்டிய ஒன்றரை வயதுக் குழந்தையின் கிண்ணத்தில் நாம் எதை வார்க்கிறோம் என்பது அடுக்களையோடு முடிந்துபோகிற விஷயமன்று.

கேழ்வரகுப் பால் காய்ச்சுவதைப் பாருங்கள். இரவே ஊறவைத்த கேழ்வரகை மைய அரைத்து, வெள்ளைத் துணியில் இட்டுப் பிழிந்து, சக்கையை மறுபடியும் அரைத்து இரண்டாம் பாலும் எடுத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறிக்கொண்டே இருந்தால், நீராய் அலையடித்த பால் ஒரு கணத்தில் சட்டென்று இறுகிப் பளபளக்கும். அப்போது கவனம் சிதறினால் கட்டி தட்டிவிடும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதில் ஒரு பங்கு சக்கையோடு போய்விடுமாதலால், பல் முளைத்த பிள்ளைக்கு மாவாகவே கஞ்சி காய்ச்சுவது நலம். இனிப்புக்கு மசித்த வாழைப்பழம் போதும். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்கலாகாது என்று வைத்தியர்கள் சொல்வது கருப்பட்டிக்கும் பொருந்தும். கீதையின் 17-ஆம் அத்தியாயம் ரசமும் நெய்ப்பும் உள்ளதாய், இதயத்துக்கு இதமாய் இருப்பதைச் சாத்விக ஆகாரம் என்கிறது. மிதமிஞ்சிய உப்பும் புளிப்பும் காரமும் உள்ளதை ராஜஸம் என்கிறது. கடைப் பொட்டலங்களில் விற்பது எந்த வகை என்பதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

அதற்காகப் பழைமை அனைத்தும் தர்மம் என்று நான் வாதிக்க வரவில்லை. பிறந்த சிசுவின் நாவில் தேன் தொட்டு வைப்பது ஜாதகர்மத்தில் உள்ளது. சேனை வைப்பது என்று நம் வீடுகளிலும் நடப்பது. ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுவின் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கி உடலையே தளரச் செய்யும் என்று தெரிந்த பிறகும் ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆசாரமன்று, பிடிவாதம். முழு வேர்க்கடலையும் அப்படியே. மூச்சுக்குழலில் சிக்கிவிடும், பொடித்தே கொடுக்க வேண்டும்.

இனி பாசத்துக்கு வருவோம். இத்தனை சிரமத்துடன் காய்ச்சிய கஞ்சியைக் குழந்தை ஒரு வாய் வாங்கி, அடுத்த வாயைத் துப்பிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புகழ்ச்சியில்லை, நன்றியில்லை, நாளைக்கு நினைவும் இல்லை. பலனைக் கருதாமல் கர்மத்தைச் செய் என்ற உபதேசத்துக்கு இதைவிடக் கடினமான பரீக்ஷை கிடையாது. கோயிலில் படைத்த நைவேத்தியத்தை எந்த மூர்த்தியும் துப்பியதில்லை. அந்தக் கணத்தில் கோபித்துக் கன்னத்தை அழுத்தித் திணிக்கிறவர்களும், கைபேசியைக் காட்டி மயக்கி விழுங்க வைக்கிறவர்களும், குழந்தையின் பசியை விட்டுவிட்டுத் தம் உழைப்பின் பலனையே பற்றிக்கொள்கிறார்கள். அங்கேதான் அன்னம் பந்தமாகிறது. 'போதும்' என்று பேசத் தெரியாத உயிர் முகத்தால் சொல்வதை மதித்து நிறுத்துகிறவளின் கையில் அதே அன்னம் நிவேதனமாகிவிடுகிறது.

'நிறுத்துகிறவள்' என்று எழுதிவிட்டேன். கேழ்வரகை அரைக்க ஆண்மகனுக்குக் கை நோகும் என்று எந்த சாஸ்திரமும் சொன்னதாகத் தெரியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு விடிவதற்குள் வேலைக்கு ஓடுகிற தாய் வாங்கிக் கொடுக்கும் பிஸ்கோத்துக்காக அவளைக் குறைகூற எனக்கு மனமில்லை; அவகாசம் இருந்தும் சோம்பலால் வாங்குகிறவர்களுக்கே இதைச் சொல்கிறேன். வாரத்தில் நாலு நாளாவது வீட்டில் காய்ச்சுங்கள். பிள்ளை போதும் என்றால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை நீங்களே குடித்துவிடலாம், தம்பதிகளுக்கு யாக்ஞவல்கியர் விதித்தது அந்தச் சேஷத்தைத்தான்.