நின்ற மலையும் நெஞ்சின் அமைதியும்

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கத்தின் உள்ளே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களைப் பாறை தடுக்கும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். அவ்வமைதியை வேண்டியே அறிவியலார் மலையை நாடினர். மலைக்கும் நீருக்கும் கேடு வருமென்று ஊரார் பலர் அஞ்சினர். 2022-இல் தமிழக அரசும் உச்சநீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது.

நாமும் அமைதி வேண்டியே மலையடிவாரம் செல்கிறோம். எதையும் குடையாமல் திரும்புவதாலேயே நம் நாட்டம் தூயதாகிவிடுமோ? 'எனக்கு அமைதி வேண்டும்' என்று சென்றால் மலை நமக்கும் ஒரு கருவியே. மமகாரமும் உடன் வருகிறது. ஆகையால் வீடு திரும்பிய மறுநாளே பழைய கலக்கம் மீள்கிறது.

திருவாய்மொழி நான்காம் பத்தில், நான்காம் திருவாய்மொழியில், பராங்குச நாயகி நிற்கும் குன்றைக் கண்டு நெடுமாலை அழைக்கிறாள். பெய்யும் மழையை நாரணன் வரவாகக் கொள்கிறாள். குன்றினிடம் அவள் தனக்கென எதையும் வேண்டவில்லை, உடையவனையே நினைக்கிறாள்.

சேதநாசேதநங்கள் யாவும் அவனுக்குச் சரீரம் என்பது எம்பெருமானார் தரிசனம். மலையும் அவனுடைமை, நாமும் அவனுடைமை. இதனை உணர்ந்தார்க்கு 'நான், எனது' என்னும் சுமை இறங்குகிறது. அதுவே நிலைத்த சாந்தி. மலைக்குத் தீங்கு நேரின், நம் இளைப்பாற்றுக்கு வந்த இடையூறாக அன்றி, ஸ்வாமியின் சொத்துக்கு நேர்ந்த கேடாக எண்ணி வருந்துவதும் இவ்வுணர்வின் பயனேயாம்.